சில்வி வாயைத் திறக்கும் காட்சி

2012 மார்ச் 6, செவ்வாய்

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டுவிட்டு நனைந்துபோய் வந்தேன். கதவைத் திறந்ததுமே என் வீட்டுக்காரர் ரூடி சமையலறையிலிருந்து கத்தினார். "இர்மா, உன் அணை மறுபடி உடையப்போகுதாம்!"

நிஜம்தான். அணை உடைகிற அந்தப் பழைய படம், 'ஏழாம் மதகு', அக்டோபரில் ப்ளூ-ரே டிஸ்க்காக வருகிறது. வெறும் படம் மட்டுமில்லை, முழுப் பதிப்பு. டிவியில் இரண்டு நாள் காட்டுவதற்காகச் சேர்த்த காட்சிகளும் உண்டு என்று கம்பெனிக்காரனே அறிவித்திருக்கிறான். நாலு தடவை படித்தேன். ரூடி சூப்பை முன்னால் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடு. அக்டோபர் வரைக்கும் பட்டினியா கிடக்கப்போறே?"

எங்கே இறங்குகிறது!

மார்ச் 9

படத்து ரசிகர்களின் இணையக் குழுவில் புதிதாக வந்த ஒருத்தன் கேட்டிருந்தான்: "ரொட்டிக்கடை வாசலில் தட்டோடு நிற்கிற பெண் யார்?" பதில் தட்டி, அழித்துவிட்டேன். அவனுக்கு எதற்கு? இங்கே எழுதுகிறேன்.

அது என் தங்கை சில்வி.

எழுபத்தைந்தில் எங்கள் ஊரில்தான் அந்தப் படம் எடுத்தார்கள். அணை உடைந்து, ஆற்றங்கரையில் தலைதெறிக்க ஓடுகிற கூட்டம் முழுக்க எங்கள் ஆட்கள்தான். மீன் ஆலையில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டு ஓடினோம். ஆலையில் டின் அடைத்துக்கொண்டிருந்த சில்வியைப் பிடித்து ரொட்டிக்கடைக்காரி வேஷம் கொடுத்தார்கள். வசனத்தோடு! தியேட்டரில் போய்ப் பார்த்தால் காட்சியே இல்லை. வெட்டிவிட்டான்கள். ஒரு வாரம் அவள் யாரோடும் பேசவில்லை.

எழுபத்தொன்பதில் டிவியில் நீட்டிப் போட்டபோது அந்தக் காட்சி திரும்ப வந்தது. வீடு கொள்ளாத கூட்டம். ஊரை விட்டு ஓடச் சொல்லி ஷெரிஃப் ரொட்டிக்கடைக் கதவைத் தட்டுகிறார், கதவு திறக்கிறது. உடனே எங்கள் அண்ணன் ஐனோ, "அதோ சில்வி! அதோ சில்வி!" என்று கூரை பறக்கக் கத்தினான். அப்புறம் எல்லாரும் கத்தினோம். அம்மா கை தட்டினாள். காட்சி முடிந்துவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்று ஒரு காதிலும் விழவில்லை.

சில்விக்கு வந்ததே கோபம்! "எருமைங்களா, நான் பேசினது ஒருத்தருக்காவது கேட்டுச்சா? சொல்ல மாட்டேன் போங்க. அடுத்த தடவை போடும்போது வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க."

அடுத்த தடவை போடவே இல்லை. அந்தக் குளிர்காலத்திலேயே பாலத்துப் பனியில் அவள் வண்டி சறுக்கியது. இருபத்துமூன்று வயது. அவள் குரல் எங்களிடம் எதிலும் இல்லை. அந்தக் காலத்தில் யார் யாருடைய குரலைப் பிடித்து வைத்தார்கள்?

மார்ச் 31

டோனட் கடையில் எங்கள் படத்து ரசிகர்களின் மாதக் கூட்டம். டெல்பர்ட் வழக்கம்போலத் தலைமை. பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரே வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது தான் மட்டும் பேசிப் பழகியவன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

டிவியில் வந்ததை அன்றைக்கே வீடியோ டேப்பில் பிடித்தவன் இந்த வட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். நாட்டிலுள்ள ரசிகர்கள் வைத்திருப்பதெல்லாம் அவன் டேப்பின் நகல், நகலின் நகல். விளம்பரம் ஒன்றுகூட இருக்காது. ரெக்கார்டர் முன்னால் மண்டியிட்டு, நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தபடியே இரண்டு நாளும் உட்கார்ந்தானாம். அதைச் சொல்லாமல் அவன் ஒரு காபி குடித்ததில்லை.

அந்த டேப்பில் சில்வி கதவைத் திறக்கிறாள், தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள். அடுத்த நொடி வெள்ளம்.

"எப்படியோ, அக்டோபர்ல அவ என்ன சொல்றான்னு தெரிஞ்சுடும்" என்றேன்.

டெல்பர்ட் சிரித்தான். "இர்மா, எத்தனை தடவை சொல்றது? அவ ஒண்ணும் சொல்லல. வாயைத் திறக்கிறா, அவ்வளவுதான். டிவிக்காரன் அப்படித்தான் வெட்டினான். என் டேப்ல இல்லாதது எங்கயும் இல்ல."

"அவ எங்கிட்ட சொன்னா, பேசினேன்னு."

"சின்னப் பொண்ணுங்க பெருமைக்குச் சொல்லுவாங்க."

கையிலிருந்த டோனட்டை அவன் முகத்தில் அப்பாமல் வந்தது என் புண்ணியம் இல்லை. ரூடி என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

மே 17

செய்தி ஒன்றும் இல்லை. மழை.

ஜூன் 12

டிவி காட்சிகள் கிடையாதாம். எடுத்துவிட்டான்கள்! மூலச் சுருள் கிடைக்கவில்லையாம், "மூத்த ரசிகர்களைக் கலந்து பேசியதில் அந்தக் காட்சிகள் படத்துக்கு எதையும் கூட்டவில்லை" என்று தெரிந்ததாம். முழுப் பதிப்பு என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. எதில் முழுசு? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

எந்த மூத்த ரசிகன்? எவன் அவன்?

ஜூன் 13

அவன்தான். வேறு யாராக இருக்கும்.

ஃபோனை எடுத்ததும் ஒளிக்காமல் சொன்னான். "ஆமா, எங்கிட்ட கேட்டாங்க. நானும் சொன்னேன். இயக்குநர் வேண்டாம்னு தூக்கிப்போட்ட சீனுங்க அதெல்லாம். டிவிக்காரன் ஒட்டின ஒட்டு. படம் படமா இருக்கணும்."

"அதுல என் தங்கச்சி இருக்கா டெல்பர்ட்."

"அதுக்காக ஒரு படத்தையே கெடுக்க முடியுமா? வாயைத் திறக்கிற ஒரு பொண்ணுக்காக?"

என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ரூடி சொல்கிறார், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டதாம்.

முப்பது வருஷமா அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்து டோனட் தின்னேனே! என் அம்மா சாவுக்கு வந்து அழுதானே! போகட்டும். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

ஜூன் 30

கூட்டத்துக்குப் போகவில்லை. டோனட் கடை வழியாகக் காரை ஓட்டும்போது ஹாரனை மட்டும் நன்றாக அழுத்தினேன்.

ஜூலை 8

குழுவில் என் புலம்பலுக்குக் கீழே ஒரு பதில். மாக்ஸின் டட்டில் என்று நெப்ராஸ்காவில் ஒரு அம்மாள். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"எங்க வீட்டுக்காரர் ஹார்லனும் அந்த ரெண்டு நாளும் டேப்ல பிடிச்சார். ரெக்கார்டரைத் தட்டிவிட்டுட்டு நாற்காலியிலயே தூங்கிடுவார், அதனால விளம்பரம், செய்தி, சோளம் விலை எல்லாம் அதுல இருக்கு. ரொட்டிக்கடைப் பொண்ணு பேசுவா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா ஹார்லன் அப்போதான் முழிச்சு 'என்ன சொல்றா?'ன்னு கேட்டார். டேப் வேணுமா? முன்னாடி உங்க ஊர்க்காரர் ஒருத்தருக்குக் கொடுக்கிறேன்னேன். விளம்பரம் இருக்கிற டேப் வேண்டாம்னுட்டார்."

அந்த ஊர்க்காரர் யார் என்று நான் கேட்கவே இல்லை.

ஜூலை 9

தூக்கம் போச்சு. பேசுவாளாம்! அவ பேசுவாளாம்!

அவன் வேண்டாம்னான். கையில வந்ததை வேண்டாம்னான். இந்த டேப் பைத்தியங்களுக்கு இது ஒரு சாதி. விளம்பரம் வெட்டினது உயர்ந்தது, வெட்டாதது குப்பை. சோப்பு விளம்பரம் ஒன்று இருந்தால் தொடமாட்டான்கள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே அது இந்த ஊருக்கு வந்திருக்கும். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். அம்மா கேட்டிருப்பாள்.

எப்படி மன்னிப்பது இதை? சொல்லு, எப்படி?

ஜூலை 20

டேப் வந்துவிட்டது. மாக்ஸின் பழைய துண்டில் சுற்றி, கூடவே ஒரு பாட்டில் ஊறுகாயும் வைத்து அனுப்பியிருக்கிறாள். நல்ல மனுஷி.

இது பழைய பீட்டா டேப். இதைப் போட்டுப் பார்க்கிற மெஷின் இந்த வட்டாரத்தில் யாரிடம் ஓடுகிறது? அவன் ஒருத்தனிடம்தான்.

போக மாட்டேன்.

ஜூலை 21

போக மாட்டேன் என்றால் போக மாட்டேன். ரூடி காரில் பெட்ரோல் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஜூலை 22

போனேன்.

கதவைத் திறந்த டெல்பர்ட்டிடம் டேப்பை நீட்டினேன். லேபிளில் மாக்ஸின் பெயரைப் படித்தான். முகம் வெளுத்துப்போனது. இதைப் பார்க்கத்தானே வந்தேன் என்று நினைத்தேன், ஆனால் ஒன்றும் இனிக்கவில்லை. மெஷினின் உள்ளே துடைத்து, டேப்பைக் கையால் சுற்றி இளக்கி, உள்ளே விட்டான்.

கார் விளம்பரம். ஷெரிஃப். மெத்தை விளம்பரம். மழை. பிறகு ரொட்டிக்கடை. ஷெரிஃப் தட்டுகிறார், கதவு திறக்கிறது, சில்வி. வாயைத் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்துத் திரை ஒருமுறை இருட்டியது. மின்சாரம் போகிற காட்சி அது, தெருவில் விளக்கு அணைகிறது. டெல்பர்ட்டின் விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

"கையை எடு!" என்று அலறினேன்.

எடுத்துவிட்டான். எடுத்த கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். இருட்டில், எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் வீட்டு மூக்குக் குரலில் சில்வி சொன்னாள்:

"நீங்க முன்னாடி போங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு வந்துடறேன்."

பிறகுதான் வெள்ளம்.

நான் அழுதேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "விளம்பரம் வருதுன்னு நினைச்சேன் இர்மா. இருட்டுச்சு, விளம்பரம்னு நினைச்சு அமுக்கிட்டேன். நான்தான் வெட்டியிருக்கேன். டிவிக்காரன் இல்ல. நான்."

"அம்மா கேக்காமலே போயிட்டா டெல்பர்ட்."

எங்கள் வீட்டு மெஷினில் ஓடுகிற மாதிரி நகல் எடுத்துக் கொடுத்தான், வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 3

கம்பெனிக்கு டெல்பர்ட் எழுதினானாம், நான் சொன்னது தப்பு, இந்த டேப்பைச் சேருங்கள் என்று. காலம் கடந்துவிட்டது என்று பதில். எனக்குச் சொன்னது ரூடி. நான் இன்னும் அவனோடு பேசவில்லை.

அக்டோபர் 9

டிஸ்க் வந்தது. அட்டையில் தங்க எழுத்தில் 'முழுப் பதிப்பு'. தண்ணீரின் ஒவ்வொரு துளியும் தெரிகிறதாம், குழுவே கொண்டாடுகிறது. நான் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. மேஜைக்கால் ஆடுகிறது, அதற்கு அண்டக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 22, நன்றி நாள்

வான்கோழி விருந்துக்கு ஐனோ குடும்பத்தோடு வந்தான். அவனுக்கு எழுபது ஆகிவிட்டது, தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. டெல்பர்ட்டையும் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? அவன் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஆனால் தனியாகச் சாப்பிடுவான் என்று ரூடி காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஏலக்காய் ரொட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, எல்லாரையும் டிவி முன்னால் உட்காரவைத்தேன்.

"ஐனோ, வாயைத் திறந்தே, வான்கோழிக்குப் பதிலா உன்னை அறுப்பேன்."

"நான் பேசவே இல்லியே!"

"அதைத்தான் சொல்றேன், பேசாதே."

மாக்ஸினின் டேப்பின் நகல் அப்படியே ஓடியது. மெத்தை விளம்பரத்தை ஓட்டிவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டெல்பர்ட் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு திறந்தது. ஐனோ தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான், கண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

"இவ்வளவுதானா?" என்றான் ஐனோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கழுதை, இதைச் சொல்லியிருக்கலாமே அப்பவே. மறுபடி போடு."

அப்போதுதான் கருகுகிற வாசனை வந்தது. ரொட்டி! நான் பதறி எழுந்து, "நீங்க பாருங்க, நான் அடுப்பை அணைச்சுட்டு..." என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. எனக்கும் கால் நகரவில்லை.

ஐனோதான் முதலில் எழுந்தான். "நீ உக்காரு" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினான். "நீ எங்கயும் போகவேணாம். நான் போறேன்." அவனுக்குப் பின்னால் ரூடி எழுந்தார், டெல்பர்ட் எழுந்தான், ஐனோவின் மகள்கள் எழுந்தார்கள். ஒரு அடுப்பை அணைக்க ஒரு வீடே சமையலறைக்குப் போனது.

ரொட்டியின் அடி கருகிவிட்டது. சுரண்டிவிட்டுச் சாப்பிட்டோம்.