பிரேமிளாவை நீக்குவதற்கு முன்

கிளிநொச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கௌசலாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். ரொறன்ரோவில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே இன்னும் மழையைக் காணவில்லை. நீ தொலைபேசியை எடுப்பதில்லை, என் குரல்பதிவுகளையும் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் இணையக் குழுமத்தில் இனிப் பதிவுபெற்ற வைத்தியர்கள் மட்டுமே இருக்கலாம் என்று வாக்கெடுப்பு வைத்திருக்கிறாய். பொய் சொல்லிச் சேர்ந்தவள் என்று பிரேமிளாவை உடனே நீக்கச் சொல்லியும் எழுதியிருக்கிறாய். அதற்கு முன் இங்கே நடந்ததை நீ அறிய வேண்டும்.

தாதி என்று சொல்லிச் சேர்ந்த பிரேமிளா உண்மையில் தாதி இல்லைதான். பூநகரிக்குப் பக்கத்திலுள்ள ஜெயபுரத்தில் தையல் வேலை செய்கிறாள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய அவளுடைய தகப்பன் பழனியாண்டிக்குச் சிறுநீரகம் பழுது, என்னிடம்தான் மருந்தெடுக்கிறார். அவருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்கலாமா என்று நான் குழுமத்தில் கேட்டிருந்தேன். பெயர் போடவில்லை. பூநகரிப் பக்கத்து விவசாயி, இதயமும் பலவீனம் என்று எழுதினேன். மகளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

"பயனில்லை, வீணாக இழுத்தடிக்காதே" என்று நீ பதில் போட்டாய். வாசிப்பவர்களில் ஒரு மகளும் இருக்கிறாள் என்று உனக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குள் நாங்கள் அப்படித்தானே கதைக்கிறோம்.

மகளின் முகம் மாறியதைக் கண்ட பழனியாண்டி, விடாமல் கேட்டு அதை வாசிக்க வைத்திருக்கிறார். அதன்பின் கிளினிக்குக்கு வரவேயில்லை. மருந்துக் குளிசைகள் விழுங்குவதையும் விட்டுவிட்டார்.

மனம் கேட்காமல் நான் ஜெயபுரத்துக்குப் போனேன். படுக்க முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "பெரிய டொக்டரே பிரயோசனமில்லைன்னு எழுதிட்டாங்க. என்னைய எதுக்கம்மா அலைய வைக்கிறீங்க?" என்றார். அதில் கோபம்கூட இல்லை. பிரேமிளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பொய் சொல்லித்தான் சேர்ந்தனான் மிஸ். வேற ஆரிட்டைக் கேக்கிறதெண்டு தெரியேல்ல."

கெஞ்சித்தான் அவரை வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். சுத்திகரிப்புத் தொடங்கியாயிற்று. இப்போது படுத்து உறங்குகிறார். எவ்வளவு காலம் தாங்குவார் என்று என்னால் சொல்ல முடியாது. வார்டிலிருந்து அழைப்பு வந்தாலே அவருக்கு என்னவோ என்று ஓடுகிறேன்.

பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். மாசி மாதம் ஒரு 'தாதி' கேட்டிருந்தாள்: கால் வீங்கி, சலம் போவது குறைந்தவரை வீட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று. "ஒரு நிமிடமும் தாமதிக்காதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று பதில் எழுதியவள் நீ. கேட்டவள் பிரேமிளா. பழனியாண்டி முதன்முதல் என்னிடம் வந்து சேர்ந்தது உன்னுடைய அந்த ஒரு வரியால்தான்.

வாக்கெடுப்பில் நானும் உன் பக்கம்தான். பயமில்லாமல் சந்தேகப்படவும், பிழையாகச் சொல்லித் திருந்தவும் வைத்தியர்களுக்கு ஓர் இடம் வேண்டும். ஆனால் பிரேமிளா போன்றவர்கள் பொய் சொல்லாமல் வந்து கேட்க வேறொரு பக்கத்தையும் திறந்து வை. பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீயும் இரு.

இரண்டு பதில்களையும் எழுதியது நீதான் என்று பழனியாண்டியிடம் சொன்னேன். சிரித்தார். "நேத்து கஞ்சி குடிச்சேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரை மறுபடி சுத்திகரிப்பு இயந்திரத்தில் போட வேண்டும். அதற்கு முன் ஒருதரம் தொலைபேசியை எடு, கௌசலா. என்னோடு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. அவரோடு கதை.

என்றும் அன்புடன்,
தாட்சாயினி