கெலிண்டான் குரலில் ஒரு யோகா வகுப்பு

மச்சான்,

இன்று காலை வகுப்பு முடிந்து உன் யோகா பாயைச் சுருட்டினேன். தரையில் வெள்ளையாக ஒரு கோடு. எத்தனை தடவை உதறினாலும் குவாரிச் சுண்ணாம்புத் தூசி அந்தப் பாயை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. கோயில் மண்டபத்தைக் கூட்டும் அக்கா, "ஒங்க கூட்டாளி போயும் எனக்கு வேல வச்சிட்டுத்தான் போயிருக்காரு லா" என்று முனகிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். வாங்கி நானே கூட்டினேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வகுப்பு என்றேனே, கவனித்தாயா? நடத்தியது நான்தான்.

சிம்பாங் பூலாய் குவாரியில் நான் லோரி ஓட்ட, நீ என் உதவியாளாக, கெலிண்டானாக இருபது வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தாய். பாதி மலையை வெட்டி எடுத்த விளிம்பில் லோரியைப் பின்பக்கமாகக் கோஸ்தான் எடுக்க வேண்டும். பின்னால் பள்ளம். நீ இறங்கிப் போய் நின்று கையை அசைப்பாய். "பெலான் பெலான்... மெதுவா... வா... இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு... போதும்!" நான் பக்கக் கண்ணாடியை எட்டிப் பார்த்துவிட்டால் உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "கண்ணாடியப் பாக்காத மச்சான். என் குரலக் கேளு." கேட்டேன். ஒரு முறைகூடச் சக்கரம் விளிம்பைத் தாண்டியதில்லை.

அப்படி ஓட்டி ஓட்டித்தான் என் முதுகு போயிற்று. படுக்கையே கதி என்று கிடந்தவனை, "இப்படியே கெடந்தா லோரி வந்து ஒன்ன ஏத்திக்குமா? எந்திரி, போலாம்" என்று நீதான் மண்டபத்து யோகா வகுப்புக்கு இழுத்துப் போனாய். அங்கே ஏற்கெனவே நீ சேர்த்துவிட்டிருந்த பத்துப் பேரும் நம்மைப் போலவே இடுப்பு தேய்ந்த குவாரி ஆட்கள். ஆறு மாதத்தில் நானே குனிந்து காலில் சப்பாத்து மாட்டினேன். பிறகு சொல்லிக்கொடுத்த பெண் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய்விட்டாள். சான்றிதழ் உள்ள ஆள் இல்லாமல் மண்டபம் தர முடியாது என்றது கோயில் நிர்வாகம். நீ உடனே நம் இரண்டு பேர் பெயரிலும் யோகா ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பினாய். "ஒருத்தன் பெயிலானா இன்னொருத்தன் இருக்கான் லா" என்றாய். பயிற்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் தனியாகப் போனேன். நான் தோற்றால் வகுப்பை மூடிவிடுவார்கள். நீ சேர்த்த பத்துப் பேரும் பழையபடி முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடப்பார்கள்.

எங்கே போனேன் தெரியுமா? பத்து காஜா பக்கம், நாம் பிறந்த அதே ரப்பர் தோட்டத்துக்கு. இப்போது அது வெளிநாட்டார் வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளும் விடுதி. லயத்து வீடுகள் இருந்த இடத்தில் பூப்போட்ட குளியல் தொட்டி வைத்த குடில்கள். விடியலில் நம் அம்மாக்களை வேலைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பெரட்டுக்களத்தில் யோகா கூடம். அதில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. காரை நிறுத்தி இறங்கியதும் வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "அங்கிள், டிரைவருங்க எல்லாம் அந்தப் பக்கம் இருக்கணும்." நீ இருந்திருந்தால் சிரித்தே உருண்டிருப்பாய். நான் உன் பாயைத் தூக்கிக் காட்டினேன்.

மாலையில் உள்ளூர்ப் பண்பாடு என்று ஒரு பாடம். கோலம் போட்டார்கள், தோசை சுட்டார்கள், தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டார்கள். மிச்சமிருக்கும் நாலு பால்மரத்தடியில் நிறுத்தி, தோட்டத்து மக்கள் பாடிக்கொண்டே மரம் சீவினார்கள் என்று வழிகாட்டி விளக்கினார். என் அம்மா பாடவில்லை, கொசுதான் அடித்தார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். வழிகாட்டி தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொல்ல, என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு ஜெர்மன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முதல் சாப்பாட்டு மேசையில் அவர் என் பக்கத்தில்தான்.

கடைசி நாள் தேர்வு. ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். பேச வேண்டிய ஆங்கிலத்தை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தேன். வேர்வையில் எல்லாம் கரைந்துவிட்டது. எதிரே கண்ணாடியில் என் தொப்பை. கூடப் படித்த எட்டுப் பேர் பாதி குனிந்தபடி என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள். பயிற்சி தந்த ஈப்போ சீன அம்மா பேனாவைத் திறந்தார். கீழே பார்த்தேன். உன் பாயும் அதன் தூசியும்.

கை தானாக உயர்ந்தது மச்சான். "நோ மிரர்," என்றேன். "லிசன். மை வாய்ஸ்." அத்தோடு ஆங்கிலம் தீர்ந்துபோனது. "பெலான் பெலான்... வா... இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு..." பள்ளத்து விளிம்பில் நீ அசைப்பது போலவே விரல்களை அசைத்தேன். முதல் நாளிலிருந்து முழங்காலைத் தாண்டாத ஜெர்மன்காரரின் கை மெல்ல இறங்கிக் கணுக்காலைத் தொட்டது. "போதும்!" எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள். அரை மணி நேரமும் அந்தக் குரலிலேயே ஓட்டி முடித்தேன். இதை எந்த ஆசிரமத்தில் கற்றேன் என்று அந்த அம்மா மலாயில் கேட்டார். குவாரியில் என்றேன். பாஸாகிவிட்டேன், மச்சான்!

கிளம்பும்போது என் கார் இரண்டு வேன்களுக்கு நடுவில் மாட்டியிருந்தது. பின்னால் எடுக்கப் போனேன், ஒரே சத்தம். எட்டுப் பேரும் வரிசையாக நின்று கையை அசைக்கிறார்கள். "வா! இன்னும் இருக்கு!" தமிழைக் கடித்துக் குதறினார்கள், ஆனால் ராகம் உன்னுடையதேதான். டிரைவர்களை அந்தப் பக்கம் போகச் சொன்ன பெண்ணும் ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். நான் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

இன்று மண்டபத்துக்குப் பத்துப் பேரும் வந்திருந்தார்கள். குவாரியில் பாறைக்கு வெடி வைக்கும் வேலை பார்த்த நம் அண்ணன் முன்வரிசையில் குனிந்து, பாதியில் நின்று, "இவ்ளோதான் வருது மாஸ்டர்" என்றார். மாஸ்டராம்! கேட்டாயா? உன் பாயில் நின்றபடி கையை அசைத்தேன்.

"இன்னும் இருக்குண்ணே. வாங்க."

வந்தார்.