தீடையில் கிடந்த காசு

பேசாலை
04.02.2024

அன்புள்ள யோசெப்பின்,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை மடுமாதாவிடம்தான் விசாரிக்கிறேன், நீயாக எங்கே எழுதப்போகிறாய்! தொலைபேசியில் குரலை அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு ஒரு பூப்படம் அனுப்பிவிடுகிறாய். அதனால்தான் கடதாசி.

பக்கத்து வீட்டுக் குகநேசன் கடலுக்குப் போன இடத்தில், இராமேஸ்வரம் போகிற வழியில் நடுக்கடலில் இருக்கிற மணல்தீடையில் கிடந்ததென்று ஒரு காசு கொண்டுவந்தான். நடுவில் ஓட்டை. தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. "அக்கா, இது ஒல்லாந்தர்ர காசு. கப்பல் கடலுக்குள்ள தாழேக்க விழுந்திருக்கும்" என்று ஒரே துள்ளல். நான் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் பழப்புளி போட்டு மினுக்கினேன். ஒரு பக்கம் குருவி மாதிரி ஏதோ தெரிகிறது. மறுபக்கம் ஓட்டைக்குக் கீழே ஒரு கீறல், எழுத்தோ என்னவோ. கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து இத்துடன் அனுப்புகிறேன். ஒஸ்லோவில் பழங்காசுகள் வைத்திருக்கிற பெரிய நூதனசாலை இருக்குமே, கேட்டுச் சொல்.

யூலியன் அண்ணாவின் படத்தோடு இந்த மாதமும் காணாமற்போனோரின் உறவுகள் போராட்டம் நடத்துகிற பந்தலில் போய் இருந்தேன். இருபத்துமூன்று வருடம் ஆகப்போகிறது.

உன் தோழி
மக்டலீன்

புருசெத், ஒஸ்லோ
01.03.2024

அன்பு மக்டலீன்,

கடிதம் கிடைத்தது. நாங்களும் சுகம். என் மனுசன் அருட்செல்வத்துக்குத்தான் பனியில் சறுக்கி முழங்கால் வீக்கம்.

நூதனசாலையில் காட்டினேன். மிகவும் தேய்ந்துவிட்டதாம், எந்த நாட்டுக் காசென்றே சொல்ல முடியாதாம். பழைய காசைப் புளி போட்டு மினுக்கவே கூடாதாம், இருந்த எழுத்தும் அதில் போயிருக்கும் என்றார்கள். பெறுமதி ஒன்றும் இல்லை. எங்காவது போட்டுவிடு.

அன்புடன்
யோசெப்பின்

பேசாலை
22.03.2024

அன்புள்ள யோசெப்பின்,

என் கை சும்மா இருந்தால்தானே! குகநேசனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அக்கா" என்று சிரித்தாலும் அவன் முகம் வாடித்தான் போனது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

போன கிழமை காணாமற்போனோர் அலுவலகத்தில் மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதே கதையைத்தான் சொன்னேன். கடற்கரையில் மீன்வாடிக்குப் போன அண்ணாவை வழியில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "பிடிச்சதைக் கண்ணால கண்டனீங்களோ? தானாப் போயிருக்க மாட்டாரோ?" என்று கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் கட்ட இருந்த பிள்ளை நோர்வேயில இருக்கிறா. அவவுக்குச் சொல்லாமல் அண்ணா எங்கையும் போகார்" என்றேன். உன் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். சொன்னது பிழையா? கோபிக்காதே.

மக்டலீன்

புருசெத், ஒஸ்லோ
09.04.2024

மக்டலீன்,

நான் நூதனசாலைக்குப் போகவே இல்லை. உறையைத் திறந்தவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அது ஒல்லாந்தர் காசு இல்லை. நோர்வேயின் ஒரு குரோணர். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் கடிதத்துக்குள் வைத்து உன் அண்ணாவுக்கு நான் அனுப்பியது. அந்தக் கீறல் எழுத்துத்தான். கவராய முனையால் நானே கீறிய 'யூ'. நூலில் கோர்த்துச் சட்டைக்குள் போட்டிருப்பதாக எழுதியிருந்தார்.

வா வா என்று கூப்பிட்டதும் நான்தான். 2001 தவக்காலத்தில், இன்ன நாள் இராமேஸ்வரத்துக்குப் படகு ஏறுகிறேன் என்று திகதியும் போட்டு எழுதினார். "வீட்டில சொல்லிப்போடாதை. அம்மா விடமாட்டா. போய்ச் சேர்ந்து நானே சொல்லுறன்." அதுதான் கடைசிக் கடிதம்.

முதலில் அவருக்காக வாயை மூடினேன். பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நீ எழுதியபோது, அப்படியும் இருக்கலாம் என்று என்னையே ஏமாற்றினேன். பிறகு கலியாணம் வந்தது. அதன்பிறகு வெறும் பயம்தான். உன் அம்மா முகாம் முகாமாக ஏறி இறங்கியபோதும் நான் சொல்லவில்லை. அவவின் செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்து அழுதேன், அப்போதும் சொல்லவில்லை. போன மாதம்கூட உன் புளியின் மேல் பழியைப் போட்டேன். நீ சாப்பிடாமல் இருந்தாய் என்று வாசித்த பிறகு எனக்கு வேலைக்குப் போகவும் முடியவில்லை.

என்னை ஏசு. என்ன சொல்லி ஏசினாலும் தகும். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

யோசெப்பின்

பேசாலை
30.04.2024

யோசெப்பின்,

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். பிறகு பந்தலுக்குப் போய் அண்ணாவின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன்.

அண்ணாவுக்கு ஆன்ம இளைப்பாற்றிப் பூசை கொடுக்க அம்மா கடைசிவரை விடவே இல்லை. "உசிரோட இருக்கிற பிள்ளைக்கு அந்தப் பூசை குடுக்கிறதே?" என்று என்னோடு சண்டைக்கு வருவா. நேற்று நானாகவே பங்குச் சுவாமியிடம் போனேன். அவர் கொப்பியைத் திறந்து அண்ணாவின் பெயரை எழுதிவிட்டு, "இறந்த திகதி என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

அந்தத் திகதியை எழுதி அனுப்பு. வேறு ஒன்றும் எழுதாதே.

மக்டலீன்