சம்மதத் தாள்

பதுளை
9.1.1978

அத்தானுக்கு,

நான் இருக்கிறேன். நீங்களும் இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

போன புதன்கிழமை கொழும்பு கிளினிக்குக்குப் போய் வந்தேன். அக்கா கூட வந்தாள். எட்டு வருஷத்துக்கு முன் திறந்துவிட்ட வால்வு மறுபடி ஒட்டிக்கொண்டதாம். மாத்திரையால் இனி ஆகாது, திரும்பவும் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்றார் டொக்டர். பெப்ரவரி 27 வந்து வார்ட்டில் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸ் மிஸ்ஸி ஒரு தாளைக் காட்டினாள். சம்மதத் தாள். புருஷன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அக்கா, "அவரு பண்டாரவளைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாரு" என்றாள். "அப்ப வரச் சொல்லுங்க" என்றாள் மிஸ்ஸி. எங்கள் கதை அவளுக்கு எதற்கு.

அதனால் எழுதுகிறேன். 27ஆம் திகதி வர முடியுமா, முடியாதா. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இடது கையால் எழுதுவதால் வரி சரிந்துகொண்டு போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெயலெட்சுமி


பண்டாரவளை
15.1.1978

அன்புள்ள ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு உன் எழுத்து. உறையைப் பிரிக்க நேரம் எடுத்தது.

ஒரு டொக்டர் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கண்டியில் ஒருவர் இருக்கிறாராம், நெஞ்சு வருத்தத்துக்குக் கெட்டிக்காரர் என்கிறார்கள். விசாரிக்கிறேன். தண்ணி மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? மாதா மாதம் பென்சிலின் ஊசி? உப்பைக் குறைத்துவிட்டாயா? உனக்குக் கருவாடு பிடிக்கும், அதனால் கேட்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. பள்ளிக்கூடத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. மூன்று வகுப்புக்கு நான் ஒருவன். 27 திங்கட்கிழமை. அந்த வாரம் மேலதிகாரி வருவதாகப் பேச்சு. லீவு கிடைப்பது சந்தேகம். அக்கா வீட்டுக்காரர் கையெழுத்து வைத்தால் ஏற்க மாட்டார்களா? கேட்டுப் பார்.

குளிரில் வெளியே திரியாதே.

அன்புடன்,
பொன்னையா


பதுளை
20.1.1978

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "கருவாட்டப் பத்திக் கேக்கவா மனுசன் முத்திரை ஒட்டினாரு?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல். இருமினால் எழுந்து உட்கார வேண்டும்.

உங்களுக்குத் தெரியட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அக்கா வீட்டுக்கு ஏற நாற்பத்திரண்டு படி. தீபாவளிக்கு இரண்டு இடத்தில் நின்றேன். இப்போது ஏழு இடத்தில். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருக்கிறேன், அதற்குப் பெயர் தூக்கம். போன வாரம் சளியில் ரத்தம். கண்டிக்கெல்லாம் போய்வர என்னிடம் மூச்சு இல்லை.

பயமாக இருக்கிறது. முதல் தடவை பேசிக்கொண்டே உள்ளே போனேன். வெளியே வந்தபோது வலது கை இல்லை, பேச்சு இல்லை. தண்ணீர் என்று சொல்ல ஐந்து மாதம் எடுத்தது. பேச்சு வந்தது. விரல்கள் இன்னும் மடங்கித்தான் கிடக்கின்றன. கொழுந்து பறிக்க ஆகாத கை என்று தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் என் பெயரை வெட்டினார்கள். இந்தத் தடவை எது போகும்? இந்தக் கடிதத்தை எழுதுகிற கையா?

எட்டு வருஷமாக உங்களிடம் ஒன்றைக் கேட்கவில்லை. ஒப்பரேஷனுக்கு மூன்றாம் நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்பா உங்களைக் கேட்டார். "மாப்புள, இப்படி ஆகும்னு அந்தத் தாள்ல எழுதியிருந்துச்சா?" நீங்கள் சொன்னீர்கள், "ஆமா, எழுதியிருந்துச்சு."

எனக்கு நாக்குத்தான் போயிருந்தது. காது இருந்தது.

எழுதியிருந்ததை வாசித்தீர்கள். என்னிடம் சொல்லாமல் கையெழுத்து வைத்தீர்கள். முந்தின நாள் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்குப் போயிருவோம்" என்று நான் அழுதபோதும் சொல்லவில்லை. ஏன்? அது தெரியாமல் திரும்பவும் அந்த மேசையில் படுக்க என்னால் முடியாது.

ஜெயலெட்சுமி


பண்டாரவளை
29.1.1978

அன்புள்ள ஜெயா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் அந்தத் தாளை வாசிக்கவில்லை. அது சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

இதற்குமேல் எழுதுவதெல்லாம் சாக்கு. ஆனாலும் எழுதுகிறேன்.

அட்டெண்டன் தாளை மேசையில் வைத்து, அடியில் இருந்த கோட்டை விரலால் காட்டினான். எனக்குப் பின்னால் உன் அப்பா, மாரிசாமி கங்காணி, லயத்து வீடுகளிலிருந்து வந்த இன்னும் இரண்டு பேர். தோட்டத்தில் யாருக்கு என்ன கடதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள், உனக்குத் தெரியும். இங்கிலீஷ் என்றால் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவேன். அன்றைக்குத் தாளைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக எழுத்து. உன் அப்பா, "என்ன மாப்புள போட்டிருக்கு?" என்றார். "வழக்கமாப் போடுறதுதான்" என்றேன். வாசிப்பவன்போல வரிகள்மேல் கண்ணை ஓட்டினேன். ஓரிடத்தில் தலையைக்கூட ஆட்டினேன். பிறகு கையெழுத்து.

மூன்றாம் நாள் உன் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்பதுதான் பதில். ஆமா என்றேன். தெரியாமல் வைத்தவனாக நிற்பதைவிடத் தெரிந்தே வைத்தவனாக நிற்பது அந்த நிமிஷத்தில் எளிதாக இருந்தது. உனக்குக் கொடுமை செய்தவன் என்று நாலு பேர் சொல்லட்டும், மாஸ்டருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. இப்படித்தான் நான் இருந்தேன். இப்போது உன் அப்பாவும் இல்லை. திருத்திச் சொல்ல ஆளில்லை.

உன் கோபத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டு இங்கே மாற்றல் கேட்டுவந்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கோபத்துக்கு இல்லை. நீ ஒவ்வொரு சொல்லாகத் திரும்பக் கற்றுக்கொண்டிருந்தாய். முதல் முழு வாக்கியம் இந்தக் கேள்வியாக இருந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது அதே மேசைக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்கிறாய். இன்னும் எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

பொன்னையா


பண்டாரவளை
12.2.1978

ஜெயா,

பதில் இல்லை. போன கடிதம் கிடைத்ததா என்று மட்டுமாவது எழுது. தபால்காரரைப் பள்ளிக்கூட வாசலில் மறித்துக் கேட்கிறேன். "வந்தா தரமாட்டேனா மாஸ்டர்? நான் என்ன திங்கவா போறேன்?" என்கிறார்.

லீவுக்கு எழுதிப் போட்டேன். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வருவேன்.

மூச்சு எப்படி இருக்கிறது? இன்னும் பதினைந்து நாள்.

பொன்னையா


பதுளை
21.2.1978

அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைப் படித்த அன்று சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. நன்றாகச் சாப்பிட்டேன். கோபத்தில் பசிக்கிறது.

இத்தனை வருஷம் தெரிந்தே செய்த ஒரு மனிதரை வெறுத்தேன். அந்த வெறுப்பில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது, இப்போதுதான் விளங்குகிறது. இரக்கமில்லாதவர், ஆனால் வாசித்தவர். கை போனாலும் உயிர் கிடைக்கட்டும் என்று யோசித்து முடிவெடுத்தவர். அந்த ஆளோடு மனதுக்குள் எவ்வளவு சண்டை போட்டிருப்பேன். அவரும் இல்லை என்கிறீர்கள். இருந்தது தலையாட்டிய ஒருவர்.

அக்காவிடம் சொன்னேன். "அடப் பாவி மனுசா! எனக்குந்தான் வாசிக்கத் தெரியாது. பஸ் போர்ட நாலு பேரக் கேட்டுக் கேட்டுத்தானே ஏறுறேன்" என்றாள். அவ்வளவுதான் அத்தான். கேட்டிருக்கலாம்.

அக்கா வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கத் தயார். அவரும் வாசிக்காமல்தான் வைப்பார். எனக்கு வேண்டாம். யாரும் வாசிக்காத தாளோடு இன்னொரு தடவை உள்ளே போக மாட்டேன். அதற்கு இந்த நாற்பத்திரண்டு படியில் ஏதாவது ஒன்றில் உட்கார்ந்து முடிந்துபோகிறேன்.

வருவதானால் உங்களுக்கு ஒரே வேலை. அந்த மேசைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, எனக்கு இது வாசிக்கத் தெரியாது, தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி என்னிடம் கொடுங்கள். ஒரு வரி விடாமல்.

27 காலைக் கோச்சியில் போகிறோம். பண்டாரவளை ஸ்டேஷனில் நிற்கும். நான் ஜன்னலால் எட்டிப் பார்க்க மாட்டேன்.

ஜெயலெட்சுமி


கொழும்பு
2.3.1978

அன்புள்ள ஜெயா,

பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து எழுதுகிறேன். அக்காவை மட்டும் கூட இருக்க விட்டிருக்கிறார்கள், அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

திங்கட்கிழமை நீ இருந்த கோச்சியில்தான் வந்தேன். உன் பெட்டிக்கு அடுத்த பெட்டி. எழுந்து வர நினைத்து நினைத்துக் கொழும்பே வந்துவிட்டது. ஸ்டேஷனில் உன் பின்னால் நடந்தேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்றாய். நீ நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். இந்த மூன்று நாளும் தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, பேசாமல் நின்று போய்விட்டேன்.

இன்று மேசைக்குப் போனேன். கேட்டேன். குரல் எழும்பவில்லை. அட்டெண்டன் காதில் கையை வைத்தான். இரண்டாம் தடவை தேவைக்கு மேலே சத்தம் வந்துவிட்டது. "எனக்கு இது வாசிக்கத் தெரியாது! தமிழ்ல சொல்லுங்க!" வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர், "எனக்கும் சேத்துக் கேளுங்க தம்பி" என்றார்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், இளையவர், உள்ளேயிருந்து வந்தார். "இருங்கோ மாஸ்டர், நான் வாசிக்கிறன், நீங்கள் எழுதுங்கோ" என்றார். அரை மணித்தியாலம். எழுதியது இது:

இடது பக்கம், பழைய தழும்பின் மேலேயே திறப்பார்கள். உள்ளே ஒட்டிப்போயிருக்கும், அதனால் போன தடவையைவிட நேரம் எடுக்கும். ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். (நான் இன்று கொடுத்துவிட்டேன்.) உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று மூளைக்குப் போகலாம். போன தடவை நடந்தது அதுதான். திரும்பவும் நடக்கலாம், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. வால்வு கிழிந்து ஒழுகலாம். திறந்து பார்த்து ஒன்றும் செய்ய முடியாமல் மூடவும் நேரலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் சில வருஷத்தில் மறுபடி ஒட்டலாம். மயக்க மருந்து கொடுக்கும்வரை எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

இவ்வளவுதான்.

டொக்டரிடம் இன்னொன்றும் கேட்டேன். புருஷன்தான் வைக்க வேண்டுமா? "அவ தெளிவா இருக்கிறா தானே, அவவே வைக்கலாம்" என்றார். ஆகவே நான் வைக்கவில்லை. தாள் இதோடு இருக்கிறது. உன் உயிர், நீ முடிவு செய். வேண்டாம் என்றால் நாளைக் காலைக் கோச்சியில் கூட்டிப்போகிறேன். பதுளைக்கா பண்டாரவளைக்கா என்று நீ சொல்லும் இடத்துக்கு.

பொன்னையா


வார்ட்
2.3.1978, பின்னேரம்

அத்தான்,

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஸைனப் ராத்தா இருக்கிறார். பதுளைக் கடைவீதிக்காரர், சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். உங்கள் கடிதத்தையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். நம்பிக்கை இல்லாமல்தான். உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம்.

விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருந்தது. ஓரிடத்தில் நின்றார். "புள்ள, இத மாஸ்டர் எழுதல்லயே" என்றார். என்ன என்றேன். என் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "சொல்லுங்க ராத்தா." அதற்குப் பிறகுதான் சொன்னார். "ஒப்பரேஷன் மேசையிலயே மவுத்தாகவும் ஏலும்னு போட்டீக்கிது."

ஆள் செத்தும் போகலாம் என்பது. நீங்கள் விட்டது அந்த ஒன்றைத்தான். டொக்டர் வாசித்திருப்பார். நீங்கள் பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

"எழுதக் கை வந்தீக்காது புள்ள, உட்டுடு" என்றார் ராத்தா. "வந்திருக்கணும் ராத்தா" என்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். என் கை வந்தது. உங்கள் கடிதத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில், நானே எழுதிச் சேர்த்தேன். பிறகு ஆரம்பத்திலிருந்து முழுவதையும் இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு தாளில் என் பெயரைப் போட்டேன். மிஸ்ஸி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன்.

காலை ஆறரைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போவார்களாம். அதற்கு முன்னால் வந்தால் உள்ளே விடுவார்கள், மிஸ்ஸியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வந்து பேசாமல் நிற்க வேண்டாம். நான் எழுதிச் சேர்த்த வரியை வாசித்துவிட்டு வாருங்கள்.

ஜெயலெட்சுமி