நடுச்சுவர்

அன்புத் தம்பிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ கையெழுத்து வைத்து அனுப்பிய சம்மதம் கிடைத்தது. வேறு ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. பரவாயில்லை. போன மழையில் வெடித்த நம் இரண்டு வீடுகளையும் இந்த வாரம் உடைத்துவிட்டேன்.

வாப்பா களிமண் வைத்துக் கட்டிய செங்கற்கள் ஒரு தட்டிலேயே முழுசாகக் கழன்றுவிட்டன. முற்றத்தின் நடுவில் நின்ற சுவர்தான் மேசன் நளீமை மூன்று நாள் பாடாய்ப் படுத்தியது. அதில் ஒரு கல்கூட உருப்படியாக வரவில்லை.

"நானா, இவ்வளவு சீமெந்து போட்டு இத யாரு கட்டினது?" என்று கேட்டார். நான் அவருக்குப் பிளேன்ரீ ஊற்றி எடுத்துவரப் போய்விட்டேன்.

அந்த உடைசலையெல்லாம் உக்குவளை வீதியிலிருந்து மேலே நம் முற்றத்துக்கு ஏறும் பாதையில் கொட்டி இறுக்கினோம். இனி மழைக்கும் வழுக்காது. உன் மனைவியின் முழங்காலுக்கு நல்லது.

நல்ல கற்களை ஒரே குவியலாக அடுக்கியிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சூளைக் கல். எது உன்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

புது வீட்டுக்கு வாசல் ஒன்றா, இரண்டா என்று நளீம் கேட்கிறார். நீ வந்து சொல்லும்வரை அத்திவாரம் வெட்ட வேண்டாம் என்றேன்.

உன் நானா