நல்லியக்கனார் மறுத்த கல்வெட்டு

குன்றும் கடலும் அரணாகக் கொண்ட வெண்கோட்டு நாட்டை ஆளும் கோவேந்தர் மாவேளாரின் திருவாய்மொழியைச் சிரமேற்கொண்டு, தலைமை அமைச்சன் ஆதன் பொற்கிழான் வரையும் ஓலை. கானாற்றூர் எல்லை காக்கும் கொற்றன் மழவராயர் கண்டு தெளிக. நும் கோட்டையும் நும் குடிகளின் கழனியும் நலமுற்று விளங்குக.

நும் எல்லையை நோக்கி நல்லியக்கனார் என்னும் முதியவர் கால்நடையாய் வந்துகொண்டிருக்கிறார். அவர் யாரென்பதும், ஏன் நாடு நீங்குகிறார் என்பதும் நீர் அறிதல் வேண்டும்.

அறிவு எவ்வழியாய் மாந்தரை வந்தடைகிறது என்று ஆராய்வதையே வாழ்நாட்பணியாய்க் கொண்டவர் அவர். தலைநகர் மருத்துவக் கழகத்தில் ஆசானாய் இருந்தபோது, கழகம் வகுத்த நெறியில் கண்டதே மருத்துவம், ஏனையவெல்லாம் பிழை என்னும் விதியை அவையிலேயே மறுத்தார். நாம் போற்றும் முன்னோர் ஒவ்வொருவரும் தம் காலத்து நெறியை மீறியன்றோ புதியது கண்டனர் என்றும், அறிவுக்கு ஒரே வழிதான் என்பது ஆற்றைக் குடத்துள் அடைப்பதாகும் என்றும் உரைத்தார். கழகத் தலைவர் பெருமருத்துவர் விண்ணந்தையார் அவரை வெளியேற்றினார். அதன்பின் படகுத்துறையில் அமர்ந்து, கேட்க வந்தவர்க்கெல்லாம் கற்பித்து வாழ்ந்தார்.

சென்ற கார்காலத்தில் நச்சுக்காய்ச்சல் நகரைப் பற்றியது. கழக மருந்தன்றி வேறு கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்றிருந்த ஆணையை நீக்குமாறு நல்லியக்கனார் வேண்ட, மன்னர் இசைந்தார். கழக மருந்தால் பிழைத்தோர் பலர். அது பயன்படாமற்போக, மலைக்குடிகளின் மூலிகைச் சாற்றால் பிழைத்தோரும் பலர். பின்னவருள் நம் இளவரசியும் ஒருவர்.

உவகை மிகுந்த மன்னர், கழகத்தை மூடவும், நல்லியக்கனார் கொள்கையொன்றே இனி இந்நாட்டின் கல்விநெறி என்று கல்லில் பொறிக்கவும் ஆணையிட்டார். சிற்பி உளியெடுக்குமுன் நல்லியக்கனாரே அவைக்கு வந்து தடுத்தார். ஒரே நெறியை எதிர்த்த தம்மையே ஒரே நெறியாக்கினால் இனித் தம்மை எதிர்ப்பவர் யார் என வினவினார். தம்மை வெளியேற்றிய கழகத்தைத் திறந்துவிடுமாறு கைகூப்பினார். பொறாத மன்னர், ஆணையை ஏற்பீர், அன்றேல் நாடு நீங்குவீர் என்றார். முதியவர் வணங்கிப் புறப்பட்டார்.

மறுநாள் விண்ணந்தையார் அவைக்கு வந்தார். பகைவர் அகன்றமைக்கு மகிழ்ந்திருப்பார் என்றே யாம் எண்ணினோம். அவரோ, நல்லியக்கனார் கூற்று பிழையென்றே இன்றும் தாம் நம்புவதாகவும், ஆயினும் தம் பிழையை முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் இல்லாத ஊரில் மருந்து அரைக்கத் தமக்குத் துணிவில்லை என்றும் கூறி, அங்கேயே தரையில் அமர்ந்துவிட்டார். மன்னர் இறங்கிவந்து அவரைக் கைகொடுத்து எழுப்பினார். பின்னர்க் கல்வெட்டாணையைத் திரும்பப் பெற்றார், கழகமும் திறக்கப்பட்டது.

ஆகலின் அரச ஆணை இது. நல்லியக்கனாரை எல்லையில் கண்டால் சிறைப்படுத்தற்க. வணங்கி, மீளுமாறு வேண்டுக. மறுப்பாராயின் உணவும் வழித்துணையும் தந்து விடுக. மறுத்து அவர் சொல்வதை ஒரு சொல்லும் திருத்தாது மன்னர்க்கு எழுதுக. இவ்வோலையின் பின்னே விண்ணந்தையாரும் வண்டியேறி வருகிறார்.

கோவேந்தர் திருமுன் வேழ இலச்சினை பொறித்தேன். இருவரும் வாதிடத் தொடங்குவராயின், அமைதிப்படுத்துவதற்கென எவரும் இடையே புகற்க. இதுவும் ஆணை.