நடுவில் இருந்த வெளிச்சம்

மச்சான்,

இன்று காலை ஆஸ்டின் டவுன் இஸ்திரிக் கடையில் ஒரு வெள்ளை வேட்டியைத் தேய்த்தேன். கஞ்சி சூடேறிய வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள்.

பெங்களூரு வானம் ராத்திரியிலும் வெளுத்தே கிடக்கிறதென்று, கோலார் பக்கம் தெரிந்தவர் தோட்டத்துக்குப் போவாய். துணைக்கு நான். பொழுது சாயும்போது டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அந்த வெறும் வெள்ளையைப் படம் பிடிப்பாய். கண்ணாடியில் எங்கே தூசி, எங்கே மங்கல் என்று அது காட்டிக்கொடுக்கும். நட்சத்திரப் படத்தில் கம்ப்யூட்டர் அதை ஈடுகட்டிவிடும்.

"பொணத்து மூஞ்சிய மூடற மாதிரி இருக்குடா."

"சும்மா இருங்க மாமா. துணி ஒரே சீரா இல்லன்னா, வானத்துல இல்லாத வெளிச்சம் படத்துல வந்துடும்."

நாலு வருஷத்துப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாய். ஒருநாள் லேப்டாப்போடு கடைக்கு ஓடிவந்தாய். இரண்டு நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே, கண்ணாடியில் விட்ட மூச்சு போல ஒரு வெளிச்சம், சாய்வாக.

"கூட்டத்துலேர்ந்து பிய்ச்சுப் போட்ட நட்சத்திரங்க மாமா. எதுலயும் சேராம, இருட்டுல தனியா எரியுது."

"உன்ன மாதிரி வீடு தங்காததுங்க" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய்.

எனக்கு அந்தச் சாய்வைத் தெரியும். மூன்றாம் வருஷம், பழக்க தோஷத்தில், டெலஸ்கோப்பில் கட்டும் உன் துணியைத் துவைத்து அதற்கும் கஞ்சி போட்டுவிட்டேன். அது அப்படித்தான் சாய்வாகத் திட்டுக் கட்டியிருந்தது. படத்தில் அதைப் பார்த்தும் உன்னிடம் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கேட்டாய்: "மாமா, அது நெஜந்தானே?"

"நெஜந்தான்டா" என்றேன். அன்றே போய்விட்டாய்.

போன வாரம் உன் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோபப்படவில்லை. "இருங்க மாமா, பாத்துடலாம்" என்று அந்த வருஷத்துப் படங்களை மட்டும் நீக்கினாள். சாய்ந்த வெளிச்சம் போய்விட்டது. அவள் இருட்டை இன்னும் கொஞ்சம் வெளுக்கவைத்தாள்.

"மாமா, இங்க."

சற்றுக் கீழே, நீ ஒருநாளும் விரல் வைக்காத இடத்தில், அதைவிட மங்கலாக ஒன்று. மிச்சப் படங்களை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்த்தாள். இரண்டிலும் அதே இடத்தில் இருந்தது. "இது நெஜந்தான் மாமா" என்றாள்.

பொய் என்று தெரிந்துதான் உன்னிடம் சொன்னேன், மச்சான். அவள் காட்டிய வெளிச்சமோ நாம் பிறப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டதாம். அதுவும் பலித்துவிடுமோ என்று, இப்போது வாய்தவறிக்கூட யாரிடமும் பொய் சொல்லப் பயமாக இருக்கிறது.